எங்கள் கடன்கள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருந்தவன் நான். மூன்று வருடத்துக்கு முன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 4 லட்சத்தை ஆன்லைன் ரம்மியில் விட்டேன். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. சம்பளத்திலிருந்து முக்கால்வாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உபவாசக் கூட்டத்தில் அழுது அறிக்கையிட்டேன். தேவன் மன்னித்தார், தங்கச்சியும் மன்னித்துவிட்டாள். ஆனால் என்னை நானே மன்னிக்க முடியவில்லை. ஆராதனையில் இராப்போஜனம், அதாவது அப்பமும் திராட்சரசமும் கொடுப்பது, தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். சபைக்கு முன்னால் சாட்சி சொன்னால் இந்த வெட்கம் போகுமா? வெட்கம் தேவனிடமிருந்து வருகிறதா, பிசாசிடமிருந்தா? பேசாமல் வேறு சபைக்குப் போய்விடலாமா? ஆம்பூரில் இருக்கும் தங்கச்சி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். இதுவரை போகவில்லை.

(நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. அவருடைய பைபிளுக்குள் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

வேறு சபைக்குப் போகாதீர்கள். வெட்கம் யாரிடமிருந்து வருகிறது என்ற கேள்வியை மேடைப் பிரசங்கிகளுக்கு விட்டுவிடுங்கள். தங்கச்சி கல்யாணப் பணத்தைத் தொலைத்தவனுக்கு வெட்கம் வந்தது நல்லதுதான். வராமல் போயிருந்தால்தான் நான் பயப்பட்டிருப்பேன்.

ஆனால் 'என்னை நானே மன்னிக்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை தேடிப் பாருங்கள், உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று ஓர் இடத்திலும் இல்லை. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயுவில் எப்படி இருக்கிறது? 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.' பாவம் என்றுகூட இல்லை, கடன் என்றுதான் இருக்கிறது. நம் பக்கத்து ஜனங்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. குடியாத்தத்தில் தறி போட்டவருக்குத் தெரியும், மகளிர் குழுவில் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்குத் தெரியும். கடனைத் தள்ளுபடி செய்ய யாரால் முடியும்? கொடுத்தவரால்தான் முடியும். வாங்கியவனுக்கு அந்த அதிகாரமே கிடையாது. உங்களிடம் இல்லாத ஓர் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைச் செலுத்த முடியவில்லையே என்று மூன்று வருடமாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டாள். நீங்கள் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டு தினமும் எடுத்துப் படிக்கிறீர்கள். இதைத் தாழ்மை என்று நினைக்கிறீர்களா? நீ மன்னித்தது செல்லாது, நான் எழுதின தீர்ப்புதான் செல்லும் என்று அவளிடமும் தேவனிடமும் சொல்வது இது. யோவான் முதல் நிருபத்தில் ஒரு வசனம் உண்டு: 'நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளென்று தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்.' உங்கள் இருதயம் கடைசிக் கோர்ட் இல்லை தம்பி.

இன்னொன்று. நான்கு பக்கத்தில் உங்கள் கண்ணீர், உங்கள் தூக்கமின்மை, உங்கள் செயலாளர் பதவி எல்லாம் இருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போன அந்த ஒரு வருடத்தில் அவள் என்ன பாடுபட்டாள், மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நாலு முறை தேடினேன்.

சரி, திட்டியது போதும். குணமான பிறகும் வெட்கம் நிற்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். கிருமி போய்விட்டாலும் மடங்கின கையையும் புருவம் உதிர்ந்த முகத்தையும் பார்த்தே ஊர் அவர்களை ஒதுக்கியது. அதனால் தலைமுடியோடு தோலை எடுத்துப் புருவம்கூட வைத்தார்கள். உயிர் பிழைக்கப் புருவம் தேவையில்லை. தெருவில் நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கத் தேவைப்பட்டது. அதையும் வைத்தியம் என்றே எண்ணிச் செய்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

அப்பாவுக்கு வருகிறேன். பாலாற்றங்கரையில் ஒரு சின்ன சபைக்கு அவர் பொருளாளர். ஒரு வருடம் அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் 1,800 ரூபாய், கோயில் கூரைக்கென்று வைத்திருந்தது. அதை எடுத்துப் பெரியப்பாவோடு சேர்ந்து தோல் வியாபாரத்தில் போட்டார். இரண்டே மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். முழுக்கப் போனது. அந்த மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழேதான் ஆராதனை நடந்தது. அம்மாவின் செயினை விற்று, கூலி வேலைக்குப் போய், இரண்டு வருடத்தில் அடைத்தார். கமிட்டி நோட்டில் 'பைசல்' என்று எழுதியும் விட்டார்கள். ஆனால் பதினொரு வருடம் அவர் இராப்போஜனம் எடுக்கவில்லை. உங்களைப் போலவே எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். சின்னப் பிள்ளையான நான் ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே எல்லாரும் 'எங்கள் கடன்களை' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த 'எங்கள்' வெளியே நிற்கிறவரையும் சேர்த்துத்தான் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கதவைப் பூட்டித் தனியாக ஜெபம்பண்ணு என்று சொன்ன அதே அதிகாரத்தில்தான் 'எங்கள்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார் கர்த்தர்.

அப்புறம் ஒரு புதுப் போதகர் வந்தார். அதிகம் பேசாத மனுஷன். யாரோ அவரிடம் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு நேராக வேப்பமரத்தடிக்கு வந்தார். "கண்ணு சரியா தெரியல, இதக் கொஞ்சம் எண்ணிக் குடுப்பா" என்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போதகர் பையை அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, சீஷனான பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த முற்றத்தில். இன்னொன்று, உயிர்த்தெழுந்த கர்த்தர் கரையில் மூட்டி மீன் சுட்டு வைத்திருந்தது. அந்தப் புகை வாசனை பேதுருவுக்கு எதை ஞாபகப்படுத்தியிருக்கும்? ஆனால் ஏன் மறுதலித்தாய் என்று கர்த்தர் கேட்கவில்லை. வாருங்கள், சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்ட பிறகு தம் ஜனங்களாகிய ஆடுகளை அவன் கையில் ஒப்படைத்தார்.

அப்பா அந்தப் பையை மூன்று முறை எண்ணினார். சில்லறையைத் தனியாக அடுக்கி மறுபடி எண்ணினார். பெட்டியில் கிடைத்த சீட்டு அதுதான். 'காணிக்கை ரூ. 47.65' என்று பென்சிலில் எழுதி, கீழே கோணலாக ஒரு கையெழுத்து. இராப்போஜனம் நடக்கும் அடுத்த முதல் ஞாயிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்.

சாட்சி சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அதற்கு இப்போது அவசரம் இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காமல் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆம்பூருக்குப் பஸ் ஏறுங்கள். மீதிக் கடனை அன்றைக்குக் கையில் கொண்டுபோக வேண்டாம், அது மாதாமாதம் போகட்டும். ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். வெறுங்கையோடு போய், தங்கச்சி போடுகிற சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா