“எல்லாம் கொள்ளாம்” என்று எழுதினால் என்ன எடுத்துக்கொள்வது? – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். கேன்சர் நோயாளிகளிடம் கருத்துப் படிவம் கொடுக்கிறோம், அவர்கள் கைப்பட எழுதியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று. நர்சிங் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் காலம் என்று நினைக்கிறேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

240 படிவங்களில் 64 பேர்தான் கடைசிப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள். போதுமா? 64இல் 22 பேர் காத்திருப்பைப் பற்றிச் சொல்வதால், 34 சதவீத நோயாளிகளுக்குக் காத்திருப்பு பிரச்சினை என்று போடலாமா? – நர்சிங் மாணவி, மார்த்தாண்டம்

போதும். சதவீதம் போடாதீர்கள். எழுதாத 176 பேரும் காத்திருக்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? மனசில் ஏதோ தங்கியவர்கள்தான் பேனாவை எடுக்கிறார்கள். எத்தனை பேர் என்று தெரிய டிக் அடிக்கும் கேள்விகள் இருக்கின்றன. எப்படி, ஏன் என்று தெரியத்தான் எழுத்து.

அந்த 22ஐ மறுபடி படியுங்கள். ஓ.பி.யில் டாக்டருக்காக உட்கார்ந்திருந்தவர், பயாப்ஸி ரிசல்ட்டுக்காகப் பத்து நாள் தூங்காமல் கிடந்தவர், ரத்தத்தில் அணுக்களின் கவுண்ட் சரியாக வந்தால்தான் கீமோ என்று வராந்தாவில் இருத்தப்பட்டவர், மூன்று பேரையும் ‘காத்திருப்பு’ என்று ஒரே சாக்கில் போட்டிருப்பீர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு. முதலாமவருக்கு டோக்கன் முறையை மாற்றினால் போதும். இரண்டாமவருக்கு யாராவது ஒருவர் “வியாழக்கிழமை வரும், வரவில்லை என்றால் இந்த நம்பரில் கூப்பிடுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் படித்த படிவங்களில் பாதிக்கு மேல் நேரம் ஆனதைவிட, எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரும் சொல்லாததுதான் வலியாக இருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் 100க்கு 90 பேர் ‘நன்றி’, ‘நல்ல கவனிப்பு’ என்றுதான் எழுதுகிறார்கள். குறை ஏதும் இல்லை என்று அறிக்கையில் சொல்லலாம் அல்லவா? – மக்கள் தொடர்பு அலுவலர், நாகர்கோவில்

சொல்லக் கூடாது. படிவத்தை எங்கே வைத்து, யார் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைச் சொல்லாமல் என்னிடம் முடிவு கேட்பது சரியில்லை. டிஸ்சார்ஜ் பில்லோடு சேர்த்துக் கொடுத்து, சிஸ்டர் பக்கத்தில் நிற்க, 21 நாள் கழித்து அதே கட்டிலுக்குத் திரும்பி வரப்போகிறவர் வேறு என்ன எழுதுவார்?

அதற்காக நன்றியைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம். அவர்கள் மனதாரத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பாராட்டு பெரும்பாலும் பொதுவாக வரும், குறை குறிப்பாக வரும், எந்த ஊரிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் 2010 முதல் கேன்சர் நோயாளிகளிடம் நாடு முழுக்க ஒரு சர்வே எடுக்கிறார்கள், வருடத்துக்குச் சுமார் 60,000 பேர் பதில் தருகிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து அந்தப் படிவம் வீட்டுக்குப் போகிறது. எழுதுவதற்கு மூன்று பெட்டிகள்: எது நன்றாக இருந்தது, எதை மேம்படுத்தியிருக்கலாம், வேறு ஏதாவது உண்டா. இரண்டாவது பெட்டி தனியாக இருப்பதால், கும்பிட்டு நன்றி சொல்கிறவருக்கும் ஒரு குறையைச் சொல்ல இடம் கிடைக்கிறது. நீங்கள் அனுப்பிய படிவத்தில் ‘தங்கள் மேலான கருத்துகள்’ என்று ஒரே ஒரு பெட்டி. ‘மேலான’ என்று போட்டுவிட்டுக் குறையை எதிர்பார்க்க முடியுமா? அதை மாற்றிவிட்டு அடுத்த மூன்று மாதப் படிவங்களோடு எழுதுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளிவிவர மென்பொருளில் இந்தக் கருத்துகளை எப்படி ஏற்றுவது? – பெயர் இல்லை

வேண்டாம். எக்செலில் ஒரு வரிக்கு ஒரு கருத்து, பக்கத்துக் கட்டத்தில் குறியீடு, அதாவது அந்தக் கருத்து எதைப் பற்றியது என்று ஒரு சொல். நோட்டுப் புத்தகமும் நாலு கலர் பேனாவும் இருந்தாலும் நடக்கும்.

பெரும்பாலான படிவங்களைக் கூட வந்தவர்கள்தான் நிரப்புகிறார்கள். அதைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா? படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. – வார்டு செவிலியர், தக்கலை

பிரிக்கத்தான் வேண்டும். இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருக்கிறேன், கேட்டதற்கு நன்றி.

நான் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு படிவத்தின் நகலைச் சொல்கிறேன். மேலே நீல மையில், அழகான கையெழுத்தில், “சிகிச்சை மிகவும் சிறப்பாக இருந்தது. டாக்டர்கள் தெய்வத்துக்குச் சமம். கேன்டீனில் மட்டும் விலை அதிகம்.” அதற்குக் கீழே, பெட்டிக்கு வெளியே, பென்சிலில், கோடு கோணலாகப் போகிற நடுங்கிய எழுத்தில் ஒரு வரி: “எனக்கு என்ன தீனம்னு ஒருத்தரும் சொல்லல்ல.” தீனம் என்றால் நம்மூரில் நோய். இரண்டும் ஒரே தாளில். தட்டச்சு செய்தவர் முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் அடித்துவிட்டு, பென்சில் வரியைக் கிறுக்கல் என்று விட்டுவிட்டார். மூலத் தாளை நான் கேட்டு வாங்கிப் பார்த்திராவிட்டால் அந்த வரி அப்படியே போயிருக்கும்.

நம் குமரி மாவட்டப் பக்கத்தில் வீட்டில் இது நடப்பதுதான். அம்மைக்கு வயிற்றில் புண் என்று சொல்லி வைத்திருப்பார்கள், அப்பாவுக்குக் கட்டி என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். பாசத்தினால்தான் செய்கிறார்கள், அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ‘புற்றுநோயாளிகள் கருத்துப் படிவம்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்த தாளை மகன் அம்மையிடம் எப்படிக் கொடுப்பான்? தானே நிரப்பிக் கொடுத்துவிடுவான். அவன் எழுதுவதெல்லாம் அவன் அலைந்த இடங்கள்: இன்சூரன்ஸ் கவுண்டர், வண்டி நிறுத்த இடம், லிப்ட், பில். அம்மை எழுதினால் வேறு வரும். வாயெல்லாம் வெந்துபோய்க் கஞ்சி இறங்காதது, ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாதது, ஊசி போடும் முன் கையைத் தடவிக் கொடுத்த பிள்ளை, உதிர்ந்த முடியைப் பெருக்கிக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் போன பிள்ளை. இரண்டையும் கலந்து எண்ணிவிட்டு ‘நோயாளிகளின் முதல் பிரச்சினை இன்சூரன்ஸ் கவுண்டர்’ என்று அறிக்கை வந்தால், அந்தக் கவுண்டருக்கு ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுவார்கள், ராத்திரி இரண்டு மணி அப்படியேதான் இருக்கும்.

கூட இருப்பவர்களின் கஷ்டமும் கஷ்டம்தான், அதையும் கேளுங்கள், தனித் தாளில். நோயாளியின் படிவத்தில் மேலேயே ஒரு வரி சேருங்கள்: எழுதியவர் நோயாளி / நோயாளி சொல்லச் சொல்ல வேறொருவர் / வேறொருவர் தம் சொந்தக் கருத்தை. இரண்டு போதாது, மூன்றும் வேண்டும், நடுவில் உள்ளதுதான் இங்கே அதிகம். தலைப்பில் இருந்து நோயின் பெயரை எடுத்துவிட்டு ‘இந்த வார்டில் உங்களைக் கவனித்தது பற்றி’ என்று போடுங்கள். தன் நோய் என்ன என்பதை யாரும் ஒரு கருத்துப் படிவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

130 கருத்துகளை ஏஐ-யில் போட்டு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரித்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சரிதானே? – சாப்ட்வேர் துறையில் இருப்பவர், திங்கள்சந்தை

சரியில்லை. முதலில், நோயாளிகள் எழுதியதை ஏதோ ஒரு இலவச வலைத்தளத்தில் ஏற்ற யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்? பெயரை எடுத்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். “மூணு பெண்மக்கள், வீட்டுக்காரர் போட்டில போயி வரல்ல” என்று ஒருவர் எழுதியிருந்தால் ஊரில் எல்லாருக்கும் அது யார் என்று தெரியும்.

அடுத்தது மொழி. நம்மூர்க்காரர் “எல்லாம் கொள்ளாம்” என்று எழுதினால் நல்லா இருக்கிறது என்று அர்த்தம். வெளியூர்க்காரருக்கே அது புரியாது, கருவி என்ன செய்யும்? “கரண்டு வச்ச இடம் பொள்ளிப் போச்சு” என்றால் ரேடியேஷன் கொடுத்த இடத்தில் தோல் வெந்துவிட்டது, ஷாக் அடிக்கவில்லை. ஒரு அம்மா “ரூமுக்குள்ள ஒரே வெப்ராளம்” என்று எழுதியதை ‘அறை வெப்பம் – ஏசி தேவை’ என்று குறித்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா மனசு பதைத்ததைச் சொன்னாள். அந்தக் குறியீட்டைப் போட்டது கருவிகூட இல்லை, திருச்சிப் பக்கத்தில் இருந்து வந்த நல்ல படிப்பாளி.

ஆயிரக்கணக்கில் இருந்தால் கருவி வைத்து முதலில் ஒரு சல்லடை போடலாம். உங்களிடம் இருப்பது 130. உட்கார்ந்து படியுங்கள். அப்புறம், தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் திருத்துகிறார்கள்.

குறியீடு போட எத்தனை பேர் வேண்டும்? – பேராசிரியை, நாகர்கோவில்

இரண்டு பேர், அதில் ஒருவராவது இந்த மாவட்டத்துக்காரர். முதல் 40, 50 கருத்துகளைத் தனித்தனியாகக் குறித்துவிட்டு உட்கார்ந்து ஒத்துப் பாருங்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா எண் அறிக்கைக்கு வேண்டுமானால் போடுங்கள், எந்த இடத்தில் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேசுவதில்தான் பலன்.

அம்மாவுக்கு கீமோ நடக்கிறது. ஒரு குறையை எழுத வேண்டும், ஆனால் எழுதினால் அம்மாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயம். – குளச்சல்

உங்கள் பயம் நியாயமானது, அந்தப் பயத்தோடுதான் முக்கால்வாசிப் பேர் எழுதாமல் விடுகிறார்கள். முதலில் படிவத்தை யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். வார்டிலேயே பிரித்துப் படிப்பார்கள் என்றால் சிகிச்சை முடிந்த பிறகு தபாலில் அனுப்புங்கள், தேதியையும் கட்டில் எண்ணையும் விட்டுவிடுங்கள். ஆனால் மருந்து மாறியது, ஊசி மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தது போல இருந்தால் படிவத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே, அந்த நிமிடமே பணியில் இருக்கும் டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள். பின்னால் எழுதியும் கொடுங்கள்.

சார், கேன்சர் சர்வேக்கு டாபிக், கேள்வித்தாள், முடிவுகள் அனுப்பவும். அவசரம், நாளை மறுநாள் சமர்ப்பிக்கணும். – பெயர் இல்லை

அனுப்ப மாட்டேன். நோயாளியிடம் கேள்வியோடு போவதற்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருக்கின்றன, படியுங்கள். வலியோடு உட்கார்ந்து எழுதித் தருகிறவர்களின் வார்த்தைகளை இரண்டு நாளில் தயாரிக்க முடியாது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வலிதணிப்புக் குழுவில் இருக்கிறேன். நாங்கள் பார்ப்பவர்களில் பலர் படிவம் வரும் முன்பே இறந்துவிடுகிறார்கள். – தன்னார்வலர், குலசேகரம்

எல்லா சர்வேயிலும் உள்ள பெரிய ஓட்டை இதுதான். பிழைத்தவர்களும் தெம்பு உள்ளவர்களும் எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை, இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் தனியாக ஒரு தேசிய சர்வே எடுத்தார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம், ஆனால் பதினாறு முடிந்த கையோடு போய் நிற்காதீர்கள், மூன்று நான்கு மாதம் போகட்டும். அங்கேயும் எழுதுவது மகனா மருமகளா மனைவியா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நோயாளி ஸ்கேன் நாகர்கோவிலில், ரேடியேஷன் திருவனந்தபுரத்தில், டிரெஸ்ஸிங் ஊரில் என்று போகிறார். கருத்து எந்த ஆஸ்பத்திரிக்கு? – ஆசாரிப்பள்ளம்

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகக் குறியுங்கள். எந்த இடத்துக்கும் சேராத வாக்கியங்கள் கொஞ்சம் மிஞ்சும்: பழைய ரிப்போர்ட் கையில் இல்லாததால் டெஸ்டை மறுபடி எடுத்தது, விடிகிறதுக்கு முன்னால் பஸ் ஏறியது. அவற்றுக்கு ‘இடையில்’ என்று ஒரு தலைப்பு வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

எழுதத் தெரியாதவர்களிடம் போனில் குரல் பதிவு எடுக்கலாமா? – களியக்காவிளை

தாராளமாக. சம்மதம் கேட்டுவிட்டு, கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எடுங்கள். தமிழும் மலையாளமும் கலந்து வரும், வந்தபடியே அடியுங்கள். அடித்து முடித்ததும் அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். போன வருடம் ஒரு பெரியவருக்கு அப்படி வாசித்தபோது, தான் சொன்ன குறைகளை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில், “அந்தச் சிஸ்டருக்க பேர நான் சொல்லாம விட்டுட்டேன், அத மேல எழுது பிள்ளே” என்றார்.