பல உணவுகளுக்கு அலர்ஜி உள்ள குழந்தைக்கு எதைக் கொடுத்து வளர்ப்பது?

கேள்வி: "ஒன்றரை வயது மகனுக்குப் பால், முட்டை, வேர்க்கடலை மூன்றும் சேரவில்லை. ரத்தப் பரிசோதனையில் இன்னும் எட்டுப் பொருள் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் என்ன கொடுப்பது? மாமியார் நம்ப மாட்டேன் என்கிறார். பால் இல்லாமல் எலும்பு எப்படி வளரும், ஆட்டுப்பால் கொடுக்கலாமா?"

அந்த எட்டையும் இன்றைக்கே சமையலறையிலிருந்து தூக்கிவிடாதீர்கள். நான் தூக்கினேன். அதனால் என் மகள் ஏழெட்டு மாதம் கேழ்வரகு இல்லாமல் வளர்ந்தாள். வேலூர்ப் பக்கத்தில், களியும் கூழுமாக வளர்ந்த குடும்பத்தில், கேழ்வரகு இல்லாமல்!

பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். ஆடி மாதம், என் மாமியார் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். சொம்பில் வாங்கி வந்த கூழை ஆயா (என் மாமியாரைப் பாப்பா அப்படித்தான் கூப்பிடுவாள்) விரலால் தொட்டு ரெண்டு தடவை நாக்கில் வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாயைச் சுற்றிக் கொசு கடித்தமாதிரி தடிப்பு, காது மடல் ரெண்டும் செக்கச் சிவப்பு, அப்புறம் குடித்த தாய்ப்பால் மொத்தமும் வாந்தி. கண்ணு பட்டுடுச்சி என்றார் ஒருவர். வேப்பிலையோடு வந்தார் இன்னொருவர். நானும் கணவரும் படித்தவர்கள் அல்லவா, "கேவுரு ஒத்துக்கல" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். அந்தக் கூழை மோர் விட்டுக் கரைத்திருந்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பத்தாம் மாதம் முட்டை மஞ்சள்கரு. அதே தடிப்பு, அதே வாந்தி. பதறிப்போய் ஒரு லேபில் முப்பது நாற்பது உணவுகளுக்குச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தோம். பத்துப் பொருள் பாசிட்டிவ். பால், முட்டை, வேர்க்கடலை, எள்ளோடு கோதுமை, துவரை, சோயா, மீன், தக்காளி, கோழி. பட்டியலிலேயே இல்லாத கேழ்வரகை நாங்களாகச் சேர்த்துப் பதினொன்றாக்கினோம். மிஞ்சியது அரிசிக் கஞ்சி, உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம். ஒரு வயதில் 7 கிலோ 900 கிராம் இருந்தவள் ஒன்றேகால் வயதில் 8 கிலோவைத் தொடவில்லை. முடி செம்பட்டையானது. அலர்ஜியால் அவள் இளைக்கவில்லை, என் பயத்தால் இளைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அலர்ஜி பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் போனோம். அந்த ரிப்போர்ட்டை அவர் கடைசியில்தான் கையில் எடுத்தார். முதல் முக்கால் மணி நேரம் கேள்விதான். எதைச் சாப்பிட்டாள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, அதற்கு முன் அதே பொருளைச் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகாமல் இருந்ததா. துவரம்பருப்புத் தண்ணீரை ஏழாம் மாதத்திலிருந்து தினமும் குடித்தவள், அதற்கு ஒரு தடிப்புகூட வந்ததில்லை என்று நான் சொன்னதும், "அப்புறம் ஏம்மா நிறுத்துனீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியில் வேலை செய்யும் ஆன்டிபாடி) இருக்கிறது என்றால் உடம்புக்கு அந்தப் பொருளை அடையாளம் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அடையாளம் தெரிந்தவரையெல்லாம் அடிப்பதில்லையே. வேர்க்கடலை, துவரை, சோயா எல்லாம் ஒரே அவரைக் குடும்பம். புரதங்கள் ஒன்றுக்கொன்று சாயலாக இருப்பதால், வேர்க்கடலைக்கு அலர்ஜி உள்ள குழந்தைக்குப் பருப்பும் பாசிட்டிவ் காட்டும், ஆனால் தட்டில் போட்டால் ஒன்றும் ஆகாது. பல குழந்தைகளுக்கு இப்படித்தான். (ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடிக்கான பரிசோதனையையும் சில இடங்களில் விற்கிறார்கள். அது நீங்கள் எதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். காசு மிச்சம் பண்ணுங்கள்.)

அடுத்து தோலில் குத்திப் பார்க்கும் சோதனை. முன்கையிலோ முதுகிலோ ஒவ்வொரு பொருளின் சாற்றையும் ஒரு சொட்டு வைத்து, மேலாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வீங்கினால் பாசிட்டிவ். அலர்ஜி மாத்திரை, சிரப் எதுவும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். இதுவும் முடிவான தீர்ப்பில்லை. சந்தேகம் மிஞ்சும் பொருளை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்து, நுனி ஸ்பூனில் ஆரம்பித்து, இடைவெளி விட்டு அளவைக் கூட்டிக் கூட்டி ஊட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அரை நாள் ஆகும். இதை வீட்டில் செய்யக்கூடாது, ஊசியும் ஆக்சிஜனும் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான்.

முதலில் கேழ்வரகு. வேண்டுமென்றே ஆயாவையும் கூட்டிப்போனேன். ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியைப் பாப்பா வழித்துக் குடித்துவிட்டு அவர் மடியில் தூங்கிப்போனாள். ஒரு தடிப்பு இல்லை. வேறொரு நாள் பாலுக்கு. ரெண்டாவது அளவிலேயே கன்னம் முழுக்கத் தடித்து, மூக்கு ஒழுகி, இருமல். நர்ஸ் ஓடி வந்ததை ஆயா கண்ணால் பார்த்தார். அதுவரை, "நாங்கல்லாம் இன்னா புள்ள பெக்கலியா? ஒரு சொட்டு நெய்யில இன்னா ஆயிடப்போவுது?" என்றவர், பஸ்ஸில் வரும்போது, "அன்னிக்கி கூழு நான்தான குடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மாமியாரை நம்ப வைக்க நீங்கள் பேசிப் பயனில்லை. அடுத்த தடவை மருத்துவரிடம் அவரையும் கூட்டிப்போங்கள். வந்த பிறகு அவரிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முளைகட்டி, காயவைத்து அரைப்பது ஆயாவின் ராஜ்யம். நான் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை.

இறுதியில் பதினொன்று நான்கானது. பால், முட்டை, வேர்க்கடலை, எள். அந்த நான்கை மட்டும் கறாராகத் தவிர்த்தோம். உங்கள் பையனுக்கும் அந்த எட்டில், இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்தவை எவை, சாப்பிட்டே பார்க்காதவை எவை என்று ரெண்டாகப் பிரித்து எழுதி எடுத்துப் போங்கள். முதல் வகையை நிறுத்த வேண்டுமா என்றும், இரண்டாம் வகையை எங்கே வைத்து ஆரம்பிப்பது என்றும் கேளுங்கள்.

நான்குதானே என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் வேர்க்கடலையைத் தவிர்ப்பது, மழையில் நனையாமல் நடப்பதுபோல. மல்லாட்டை விளையும் மண். ஓட்டல் சட்னியில் பாதி அதுதான். இட்லிப் பொடியில் எள், முறுக்கில் எள், ஆம்பூர் பிரியாணியில் தயிர், அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காயில் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து விட்டிருப்பார்கள். கல்யாணத்துக்கு டிபன் பாக்ஸோடுதான் போகிறோம். "பந்தியில உக்காந்து டப்பா தொறக்கிறியே" என்று ஒரு பெரியம்மா கேட்டார். ஆமாம் பெரியம்மா என்றேன், தொறந்தேன்.

எங்களை அதிகம் படுத்தியது மாவு மிஷினும் செக்கும். நாம் கேழ்வரகை மட்டும்தான் கொடுப்போம். நமக்கு முன்னால் ஒருவர் பாதாம், வேர்க்கடலை எல்லாம் வறுத்துப் போட்ட சத்துமாவு அரைத்திருப்பார். மிஷினுக்குள் ஒட்டியது அடுத்து வரும் நம் மாவில் கலக்கும். பாப்பாவுக்கு ரெண்டு வயதில் காரணமே தெரியாமல் மாறி மாறித் தடிப்பு வந்தது, கடைசியில் பார்த்தால் இதுதான். இப்போது வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறோம். செக்கெண்ணெயும் அப்படியே. தேங்காய் எண்ணெய்தானே என்று வாங்குவோம், அதே செக்கில் காலையில் கடலையோ எள்ளோ ஆடியிருப்பார்கள். மரச்செக்கு எண்ணெய் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் ரீஃபைண்ட் எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். அலர்ஜி வீட்டில் கணக்கு தலைகீழ். நாங்கள் சூரியகாந்தி ரீஃபைண்டுக்கு மாறிவிட்டோம்.

என்ன கொடுப்பது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் காலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து. அல்லது இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, வாரம் ரெண்டு நாள் கோழியோ ஆட்டு ஈரலோ. ஞாயிற்றுக்கிழமை மீன் வண்டிக்காரர் வந்தால் நெத்திலி, முள்ளோடு மென்று தின்னும்படி. சாயங்காலம் அவித்த சர்க்கரைவள்ளி. ராத்திரி சின்னதாகக் களி, இல்லாவிட்டால் கோதுமை தோசை. எண்ணெயைக் குறைக்காதீர்கள், நெய்யும் வெண்ணெயும் இல்லாத குழந்தைக்குக் கொழுப்பு வேறு வழியில் போயாக வேண்டும்.

எலும்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் கால்சியம் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குழந்தை நாளுக்கு 40 கிராம் மாவு தின்றால் அதிகம். கீரை ரெண்டு ஸ்பூன். அதனால் கேழ்வரகு, முருங்கை என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எங்களுக்குக் கால்சியம் சிரப்பும் வைட்டமின் டி சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள், கொடுத்தோம். மாதம் ஒரு தடவை எடை. இரண்டரை வயதில்தான் அவள் வளர்ச்சிக் கோடு மேலே திரும்பியது.

இனி ஊசி. கடுமையான அலர்ஜியில் உயிரைக் காப்பாற்றும் மருந்து அட்ரினலின். அதன் பேனா ஊசி நம் ஊரில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் 1 மில்லி ஆம்பியூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி), சிரிஞ்சு, எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு, மூன்றும் ஒரே பையில். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், சதையில் போடவேண்டும். ஆஸ்பத்திரியிலேயே வெறும் தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்துப் பழகிக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் போட்டு அல்ல. மூன்று வயதில் ஒரு தடவை தேவைப்பட்டது. அவள் போன விளையாட்டுப் பள்ளியில் பிறந்தநாள் பிஸ்கெட் கொடுத்துவிட்டார்கள், பால் பவுடர் போட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சில் விசில் சத்தம். அலர்ஜி சிரப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க ஆரம்பித்தால் சிரப்புக்கு வேலையில்லை, ஊசிதான். கை நடுங்கியது, போட்டுவிட்டேன். 108-ஐக் கூப்பிட்டு, நடக்க விடாமல் கொண்டுபோனோம். அடங்கினது திரும்ப வரலாம் என்று அன்று முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு டீச்சரிடம் அவளுக்கென்று ஒரு மிட்டாய் டப்பா இருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் அதிலிருந்துதான்.

இன்னொன்று, நம் வெயில். வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள். அந்த மருந்து சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும், ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. மே மாதத்தில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மார்க்கெட் போய்விடாதீர்கள். பழுப்பு நிறமாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. பாலும் முட்டையும் பல குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும், வேர்க்கடலை அவ்வளவு சுலபத்தில் விடாது. பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஏழு பேர்வரை, மாவோடு கலந்து நன்றாக வேகவைத்த பாலைத் தாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லிப் போன வருஷம் ஆஸ்பத்திரியில் முட்டை போடாத ஒரு கப்கேக் கொடுத்துப் பார்த்தார்கள். தாங்கினாள். காய்ச்சிய பாலோ தயிரோ இன்னும் ஆகாது.

ஆட்டுப்பால்? வேண்டாம். அதன் புரதம் மாட்டுப்பால் புரதத்தின் உடன்பிறப்பு மாதிரி, மாட்டுப்பால் ஆகாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது. எருமைப்பாலும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஆடு வைத்திருப்பவர் இன்றைக்கும் விடுவதாக இல்லை. ஆயாதான் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புகிறார்.