எந்தப் பத்திரிகை மிஞ்சியது?

அன்புள்ள ஐயா,

நான் இதழியல் முதலாண்டு மாணவி. தமிழ் இதழியல் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தமிழின் முதல் பத்திரிகை எது என்று ஒவ்வொரு நூலும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. நீங்கள் எதை ஏற்கிறீர்கள்? ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி ‘தி இந்து’வைத் தொடங்கியதையும், பாரதி புதுச்சேரிக்குப் போய் ‘இந்தியா’வை நடத்தியதையும் படிக்கும்போது கண் கலங்குகிறது. அந்த நேர்மை இன்றைய பத்திரிகைகளில் ஏன் இல்லை? இனி அச்சுப் பத்திரிகைக்கு எதிர்காலம் உண்டா?

த.

அன்புள்ள த.,

முதல் பத்திரிகைச் சண்டையில் என்னை இழுக்காதீர்கள். 1831இல் சென்னையில் ‘தமிழ் மேகசின்’, 1841இல் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’, 1855இல் பெர்சிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’. மூன்றையும் ஆண்டோடு குறித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். மதிப்பெண் குறைந்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னைப் பதில் எழுத வைத்தது. ‘அந்த நேர்மை’ என்கிறீர்கள். அன்றைய பத்திரிகைகளில் எத்தனையைக் கையில் எடுத்துப் படித்தீர்கள்? 1878ஆம் ஆண்டு ‘இந்து’வை? 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திரன்’ ஒன்றையாவது? அவற்றைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் எழுதியதைத்தான் படித்திருக்கிறீர்கள். கண் கலங்க அது போதும், வரலாறு எழுதப் போதாது. அன்றும் வசை இருந்தது, சாதி இருந்தது, பொய் விளம்பரம் இருந்தது. லேகிய விளம்பரங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாலே உங்கள் கண்ணீர் வற்றிவிடும்.

மிஞ்சிய பத்திரிகைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலத்தின் குணத்தையே எடைபோடுகிறோம். மிஞ்சியதற்கும் நேர்மைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. யாரோ ஒருவர் பரணில் இடம் கொடுத்தார், அதனால் மிஞ்சியது. ‘சுதேசமித்திர’னில் பாரதி எழுதியவற்றை இன்று நாம் படிக்கிறோம் என்றால், பழைய இதழ்களுக்குள் தலையை விட்டுத் தேடிய பெ. தூரன் போன்றவர்களால்தான்.

அப்படி யாரும் வைத்திருக்காத ஒரு பத்திரிகையைச் சொல்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் சென்னையில் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவுபடுத்தியதோ அதையே தலைப்பில் அச்சடித்தார். இரண்டே நாளில் நானூறு பிரதிகள் விற்றதாக அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மாத இதழாகத் தொடங்கி, வார இதழாகி, 1900 வரை ஏழாண்டுகள் நடந்தது. காங்கிரஸோடு மல்லுக்கு நின்ற பத்திரிகை அது. உங்கள் பாடநூலில் அந்த ஒன்றே முக்கால் ரூபாய் இருக்கிறது அல்லவா? இந்த நானூறு பிரதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று ஆய்வாளர்கள் கையில் இல்லை.

பிறகு அதில் என்ன வந்தது என்று எப்படித் தெரிகிறது? இங்கேதான் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை. சுதேசி மொழிப் பத்திரிகைகளை வேவு பார்க்க ஆங்கில அரசு மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் பத்திரிகைகளைப் படித்து, அரசு கவனிக்க வேண்டியவற்றை ஆங்கிலத்தில் சுருக்கி, இரகசிய அறிக்கைகளாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. காணாமல் போன பல பத்திரிகைகளின் குரல் அந்த அறிக்கைகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘பறைய’னின் குரலும் அப்படித்தான். அதுவும் ஆங்கிலத்தில், நான்கைந்து வரிகளாக. சீனிவாசனின் தமிழ் வாக்கியம் போய்விட்டது. அதை வாங்கிப் படித்தவர்களுக்குப் பரண் வைத்த வீடே இருந்திருக்காது. பரண் வைத்திருந்தவர்கள் அதை வாங்கவில்லை.

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய இதழின் கதை வேறு மாதிரி முடிந்தது. 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. விலையே பெயர். அடுத்த ஆண்டு வெறும் ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார், வாசகர் கேள்விகளுக்குப் பதிலும் எழுதினார், என்னைவிடப் பொறுமையாக. கோலார் தங்கவயலில் சுரங்க வேலை செய்த தமிழர்கள் அதை வாங்கினார்கள், பணம் அனுப்பினார்கள். அந்த இதழ்கள் நம் கைக்கு வந்ததற்குப் பல்கலைக்கழகம் எதுவும் காரணமில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள், 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். அதன் பிறகுதான் நம் அறிஞர்கள் அயோத்திதாசரைக் ‘கண்டுபிடித்தார்கள்’!

என் பெரியம்மா வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, ஊசியால் துளையிட்டு, நூல் கோத்து, பழுப்பு அட்டை ஒட்டி பைண்டிங் செய்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இது உண்டு. சிறுவயதில் நானும் கதைக்காகத்தான் புரட்டினேன். வளர்ந்த பிறகு பக்கங்களின் பின்புறத்தைப் படிக்கத் தொடங்கினேன். பாதியில் வெட்டுப்பட்ட தலையங்கம், சோப்பு விளம்பரம், ரேடியோ நிகழ்ச்சி நிரல், யாருக்கோ யாரோ தெரிவித்த இரங்கல். பெரியம்மா தெரிந்து சேர்த்தது கதையை. இதழியல் வரலாறு தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்தவர்கள் அத்தனையையும் எடைக்குப் போட்டார்கள். எனக்குச் செய்தி வந்தபோது கடைக்காரர் அரைத்துக் கூழாக்க லாரி ஏற்றிவிட்டார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதில் கொஞ்சம் உங்கள்மேல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றி வகுப்பில் சொன்னார்களா? விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரத்தை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம். நம் பல்கலைக்கழகங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த நூலகம் இப்போது சென்னையில், தரமணியில் இருக்கிறது. கட்டுரையை எழுதும் முன் ஒரு நாள் அங்கே போய் உட்காருங்கள்.

பிறகு உங்கள் ஊருக்குத் திரும்புங்கள். கையெழுத்துப் பத்திரிகை, கட்சிப் பத்திரிகை, சங்கத்துச் செய்தித்தாள், சாதிச் சங்க மலர் என்று ஏதாவது அங்கே நடந்திருக்கும். பழைய ஏஜெண்டுகளையும் அச்சகக்காரர்களையும் விசாரியுங்கள். கிடைத்தால் கட்டுரையை மட்டும் படம் எடுக்காதீர்கள். முழுப் பக்கத்தையும் எடுங்கள், விளம்பரத்தோடு, விலையோடு, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அச்சிட்டு வெளியிடுபவர்’ என்று இருக்குமே, அந்த வரியோடு.

அச்சுப் பத்திரிகையின் எதிர்காலத்தையும் கேட்டிருந்தீர்கள். அதை அவற்றை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கட்டுரையை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன்.