நாற்பதுக்கு மேல் ஹிட் வகுப்பு: கேள்வி பதில்

46 வயது, உட்கார்ந்த வேலை. பக்கத்து ஜிம்மில் காலை 6 மணிக்கு 45 நிமிட ஹிட் (HIIT: கொஞ்ச நேரம் கடும் பயிற்சி, கொஞ்ச நேரம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) குரூப் கிளாஸ் நடக்கிறது. நேராகச் சேரலாமா? (திருப்பூர்)

நான்கு வாரம் பொறுத்துச் சேருங்கள். அதுவரை தினமும் 30 நிமிடம் வேக நடை. வாரத்தில் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, குதிகால் உயர்த்தி இறக்குவது 15. இப்படி மூன்று சுற்று.

காரணம் இருக்கிறது. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், தசையும் சீக்கிரம் வலுப்படும். தசையை எலும்போடு கட்டும் நாண் மட்டும் மெதுவாகத்தான் உறுதிப்படும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். "இப்போதெல்லாம் மூச்சே வாங்கவில்லை" என்று வேகத்தைக் கூட்டும் நேரத்தில்தான் குதிகால் நாணும் முழங்கால் நாணும் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது நாண்தான், மூச்சு இல்லை.

சேர்ந்த பிறகு முதல் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டே வகுப்பு, நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. போர்டில் 40 விநாடி வேலை, 20 விநாடி ஓய்வு என்று எழுதியிருந்தால் நீங்கள் 20 செய்து 40 ஓய்வெடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து 30, 30. பாக்ஸ் ஜம்ப் (பெட்டியின் மேல் குதித்து ஏறுவது) வந்தால் ஏறி இறங்குங்கள், குதிக்க வேண்டாம். பெட்டியிலிருந்து பின்னால் குதித்து, தரையைத் தொட்ட வேகத்திலேயே மறுபடி எகிறுவது நடுவயதில் குதிகால் நாண் அறுந்துபோகக்கூடிய இடம். ஒற்றைக் காலில் நின்று, நிறுத்தாமல் 20 முறை குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்க முடிகிறதா? இரண்டு காலிலும் முடிந்த பிறகு குதிப்பதைப் பற்றி யோசிக்கலாம். கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல கோச் மாற்றுப் பயிற்சி தருவார். "எல்லாரும் செய்றாங்களே" என்று தள்ளுகிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு இ.சி.ஜி. நார்மல். போதுமா? (சேலம்)

போதாது. படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி., அடைப்பு இருப்பவருக்கும் நார்மலாக வரலாம். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, சுகர், பிபி, புகை இவற்றில் ஏதாவது இருந்தால் இதய மருத்துவரைப் பாருங்கள். டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பிபி 180/110-ஐத் தொட்டால் மருந்தில் கட்டுப்படும்வரை வகுப்புப் பக்கமே போகாதீர்கள்.

பயிற்சியின்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அப்போதே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். "வாயுப்பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. சுகர் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மூச்சுத்திணறலோ திடீர்ச் சோர்வோ மட்டும் வரலாம்.

பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். எவ்வளவு ஓடினாலும் வாட்சில் துடிப்பு 120-தான் காட்டுகிறது. கோச் 150 வரை ஏற்றச் சொல்கிறார். (கோவை)

ஏற்றாதீர்கள். அந்த வகை மாத்திரையின் வேலையே இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். உச்சத் துடிப்பைக் கண்டுபிடிக்க 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள்: முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான வேகம், மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அதுதான் கடும் வேகம், சொல்லே வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. துடிப்பு ஏறவில்லை என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சுகருக்குக் கிளிமெப்பிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். வெறும் வயிற்றில் போகலாமா? (மதுரை)

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமெப்பிரைடும் இன்சுலினும் சுகரைத் தாழ்த்திவிடும். கிளம்பும் முன் விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். கடும் பயிற்சி முடிந்த கையோடு சுகர் கொஞ்சம் ஏறியே காட்டலாம், பயந்து கூடுதல் மாத்திரை போடாதீர்கள். பல மணி நேரம் கழித்தும் அது தாழலாம். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

ஜம்பிங் ஜாக் (கை, காலை விரித்துச் சேர்த்துக் குதிப்பது) செய்யும்போது சிறுநீர் கசிகிறது. 51 வயது, இரண்டு சுகப்பிரசவம். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (திருச்சி)

நல்லவேளை கேட்டீர்கள், அம்மா. நிறையப் பெண்களுக்கு இருக்கிற பிரச்சினை, பொறுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை. இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது. வாயுவை அடக்குவதுபோல் அந்தத் தசையை மேல்நோக்கி இழுத்து 5 விநாடி பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 8 முதல் 10, நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். தொடையும் பிட்டமும் இறுகினால் தவறான தசை வேலை செய்கிறது. சிறுநீர் கழிக்கும்போது இதைப் பழகாதீர்கள். அதுவரை குதிக்காமல், ஒரு கால் மாற்றி ஒரு கால் பக்கவாட்டில் எடுத்து வையுங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்காமல் ஊதிக்கொண்டே தூக்குங்கள். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறையவில்லை என்றால் மகளிர் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

பர்பி (குனிந்து தரையில் கை ஊன்றி, கால்களைப் பின்னால் எறிந்து, மறுபடி எழுந்து குதிப்பது) செய்தால் இடுப்பு பிடிக்கிறது. (தஞ்சாவூர்)

கால்களைப் பின்னால் எறியும் நொடியில் வயிறு தளர்ந்து இடுப்பு தொட்டிலாகத் தொங்குகிறது, அதுதான் வலிக்குக் காரணம். தரையை விட்டு, அசையாத பெஞ்சின் மேல் கை வையுங்கள். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே. வலது காலைப் பின்னால் வையுங்கள், பிறகு இடது கால். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு, வயிறு இறுக்கமாக. ஒவ்வொரு காலாக முன்னே கொண்டுவந்து நிமிருங்கள். குதிக்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு ஆறு போதும்.

முதல் வகுப்புக்குப் பிறகு இரண்டு நாளாகப் படி இறங்க முடியவில்லை. (சென்னை)

ஒன்று முதல் மூன்று நாள் வரை வலிப்பது இயல்பு. மெதுவாக நடங்கள். ஆனால் தசை வீங்கிக் கல்லாக இறுகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது. அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்களும், மே மாத வெயிலில் மொட்டை மாடியில் பயிற்சி செய்பவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

நான்கு நிமிட டபாட்டா போதும் என்கிறார்களே? (ஈரோடு)

டபாட்டா என்ற பெயருக்குக் காரணமான ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் 1996 ஆய்வில் ஈடுபட்டவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள், அதுவும் சைக்கிளில். 20 விநாடி முழு வேகத்தில் மிதி, 10 விநாடி ஓய்வு, இப்படியே மாறி மாறி. அந்த வேகத்தை நம் முழங்காலில் குதித்து எட்டப் பார்க்காதீர்கள். ஆசையாக இருந்தால் நிலைசைக்கிளில், அதுவும் மூன்று மாதப் பழக்கத்துக்குப் பிறகு.

கடைசிச் சுற்று முடிந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. (நாகர்கோவில்)

உட்கார்ந்ததால்தான் சுற்றுகிறது. ஓடிக்கொண்டிருந்த கால் திடீரென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைகிறது. முடிந்ததும் ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள், பிறகு உட்காரலாம். அப்படியும் சுற்றினால் கால்களை உயர்த்திப் படுத்துக்கொள்ளுங்கள், அடுத்த வகுப்புக்கு முன் பிபியைப் பார்த்துவிடுங்கள்.