கர்னலோடு நின்றவர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் பகுதி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் ஆபீசரானவர் சித்தப்பா. குமாவோன் ரெஜிமென்டில் ஒரு பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசராக இருந்து, 54 வயதில் கர்னலாக ஓய்வு பெற்று, இப்போது தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், "முப்பது வருஷம் சர்வீஸ் பண்ணியும் ஜெனரல் ஆகலையே, ஏதாவது ரிமார்க் இருக்கும்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சித்தப்பாவிடம் இதைக் கேட்க எனக்குத் தயக்கம். ஏன் இப்படி நின்றுவிடுகிறது? இன்னொரு கேள்வி. என் மகள் கல்லூரியில் கடைசி வருடம். காலாட்படையில்தான் ஆபீசராவேன் என்கிறாள். முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பந்தியில் பேசியவர் மேல் எனக்குக் கோபமில்லை. நம் பக்கத்து ஊர்களுக்குப் பட்டாளம் நன்றாகத் தெரியும், ஆனால் தெரிந்தது சிப்பாயின் பட்டாளம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர்விட்டார்கள் என்று எழுதியிருக்கும். அவர்கள் காலத்தில் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாயாக இருந்தாலும், சிப்பாய் எட்டக்கூடிய உச்சப் பதவியான சுபேதார் மேஜரோடு சரி. இந்தியர்களை ஆபீசராக்க டேராடூனில் அகாடமி வந்ததே 1932-ல்தான். அதனால் யார் நாயக்காக வந்தார், யார் சுபேதாராக வந்தார் என்பதெல்லாம் ஊருக்கு அத்துப்படி. ஆபீசர் கணக்கு அப்படிப் பழகவில்லை.

அந்தக் கணக்கு இதுதான். லெப்டினென்டாகச் சேர்ந்தவர் இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதிமூன்றில் லெப்டினென்ட் கர்னல். இடையில் துறைத் தேர்வுகள் உண்டு, அவற்றில் தேறிவிட்டால் இதுவரை வருடம் ஆக ஆகப் பதவி வரும். கர்னலிலிருந்து கதை மாறுகிறது. அங்கே தேர்வுக் குழு உட்கார்ந்து, ஒரே பேட்ச்காரர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை வைத்துப் பார்க்கும். காலி இடம் எத்தனையோ அத்தனை பேர்தான் மேலே. பொதுவாக மூன்று பட்டாலியன் சேர்ந்தது ஒரு பிரிகேடு, மூன்று பிரிகேடு சேர்ந்தது ஒரு டிவிஷன். பட்டாலியனுக்குத் தலைவர் கர்னல், பிரிகேடுக்குப் பிரிகேடியர், டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல். ஆக, ஒன்பது கர்னல்களுக்கு மூன்று பிரிகேடியர், ஒரு மேஜர் ஜெனரல். மற்ற ஸ்டாஃப் பதவிகளைச் சேர்த்தாலும் மேலே போகப் போக நாற்காலி குறைவதுதான் ஏற்பாடு. ஓய்வு வயதும் அதை ஒட்டியே: கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58. உங்கள் சித்தப்பா 54-ல் வந்தார் என்றால் கர்னலுக்கு உரிய வயதில் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இந்தத் தேர்வு எல்லாம் ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கையை நம்பி நடக்கிறது. எல்லோருக்கும் தாராளமாக மதிப்பெண் போடுகிற இடத்தில் அரை மார்க் குறைந்தாலே ஆள் பின்னால் போய்விடுவார். நல்ல ஆபீசர்கள் இதில் அடிபட்டிருக்கிறார்கள், கோர்ட்டுக்கும் போயிருக்கிறார்கள். எனவே, மேலே போனவர்கள் எல்லாம் சிறந்தவர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

பந்தியில் யாருக்கும் தோன்றாதது வேறு. காலாட்படையில் ஒருவர் அடைய ஆசைப்படுவது பட்டாலியனின் தலைமை. சுமார் எண்ணூறு பேர். சி.ஓ. சாப், அதாவது கமாண்டிங் ஆபீசர், என்றால் அவர்களுக்குத் தாய் தகப்பன் மாதிரி. அந்த வார்த்தைக்கு ஏற்ற மாதிரியே வேலையும் இருக்கும். எந்தக் கம்பெனி எந்த மலைமேல் இருக்க வேண்டும், இன்று இரவு ரோந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பதோடு, யாருக்கு எப்போது லீவு, யார் குடிக்க ஆரம்பித்திருக்கிறான், யாருடைய பெண்டாட்டி மாமியாரோடு சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், எல்லாம் அவர் மேஜைக்கு வரும். சத்துவாச்சாரியில் நம் கலெக்டர் ஆபீசுக்கு எங்கோ பனிமலையிலிருக்கும் யூனிட்டின் முத்திரையோடு ஒரு கடிதம் வரும்: எங்கள் ஜவானின் இரண்டரை ஏக்கரில் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்திவிட்டார், அவன் நாட்டுக் காவலில் இருக்கிறான், அளந்து கொடுங்கள். கீழே கமாண்டிங் ஆபீசரின் கையெழுத்து. நம் ஊரில் அந்தக் கடிதத்தால் காரியம் நடந்த குடும்பங்கள் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இதை உங்கள் சித்தப்பா வேற்று மொழிக்காரர்களிடையே செய்திருக்கிறார். தமிழன் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிப்பாய்க்கு அது பெரும்பாலும் சரி, ஆபீசருக்கு அப்படி இல்லை. இலங்கையில் 1987-ல் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரன் மஹார் ரெஜிமென்ட். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த சுந்தர்ஜியும் மஹார்தான். கார்கிலில் இறந்த திருச்சி மேஜர் சரவணன் பிஹார் ரெஜிமென்ட், மேஜர் முகுந்த் ராஜ்புத் ரெஜிமென்ட். இருபத்தோரு இருபத்திரண்டு வயதுப் பையன் போய், பையன்கள் பேசும் மொழியைக் கற்று, அவர்கள் சாமியைக் கும்பிட்டு, அவர்கள் சாப்பிடும் ரொட்டியைச் சாப்பிட்டு, அப்பா வயதிருக்கும் சுபேதார் சல்யூட் அடிக்கும்போது கூசாமல் நிற்கப் பழக வேண்டும். அப்புறம் இருபது வருடம் ஃபீல்டு (எல்லைப் பக்கம்), பீஸ் (அமைதியான இடம்) என்று மாறி மாறிப் போஸ்டிங். ஃபீல்டு போஸ்டிங்கில் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளின் பத்தாம் வகுப்பை உங்கள் சித்திதான் தனியாகப் பார்த்திருப்பார். பந்தியில் அவரைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மகள் விஷயம். இன்றைய நிலையில் காலாட்படையில் பெண்களை ஆபீசராக எடுப்பதில்லை. அதை அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், பயிற்சிக்குப் போய் ஏமாற வேண்டாம். சென்னை பரங்கிமலையில் ஆபீசர்களுக்குப் பயிற்சி தரும் அகாடமியான ஓ.டி.ஏ.வில் பெண்கள் 1992-லிருந்து பயிற்சி பெறுகிறார்கள். என்ஜினீயர்ஸ், சிக்னல்ஸ், ஆர்மி சர்வீஸ் கோர் என்று பல பிரிவுகள் திறந்திருக்கின்றன, 2023-லிருந்து பீரங்கிப் படையும். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் போட்ட வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கே சேருவதற்கான சி.டி.எஸ். தேர்வை யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கடைசி வருடத்தில் இருப்பவர்களும் எழுதலாம். ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கணக்குத் தாள் கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். அதைத் தாண்டினால், ஆபீசராகத் தகுதி உண்டா என்று பார்க்கும் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல். பெரும்பாலானவர்கள் அங்கேதான் தேறாமல் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு என்னைக் கேட்காதீர்கள், தென்னந்தோப்பில் ஒருவர் இருக்கிறாரே. மகளை அனுப்புங்கள். நீங்கள் கேட்கத் தயங்கியதையும் அவளே கேட்டுவிடுவாள்.