சர்வதேச ஒப்பந்தம் வெறும் காகிதம்தானா? ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கின் பதில்

கேள்வி: நாடுகள் கூடிப் போடும் ஒப்பந்தங்களும் பிரகடனங்களும் உண்மையில் யாரையாவது கட்டுப்படுத்துகின்றனவா? மீறினால் பிடித்துக்கொண்டு போக போலீஸ் இல்லையே, அப்புறம் எதற்கு இத்தனை மாநாடு?

நான் சட்டம் படித்தவன் இல்லை. மதுரையில் முப்பது வருடத்துக்கு மேலாக ஃபிரிட்ஜும் ஏசியும் ரிப்பேர் செய்கிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஒரு சர்வதேச ஒப்பந்தம் என் பட்டறைக்குள் வந்து, நான் தூக்கிச் சுமக்கும் சிலிண்டரின் நிறத்தையே மாற்றியதைப் பார்த்தவன் நான்.

1993-ல், பதினேழு வயதில், சிம்மக்கல் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது வீட்டு ஃபிரிட்ஜ் என்றால் அதைக் குளிரவைக்க உள்ளே ஓடுவது ஆர்-12 கேஸ்தான். வெள்ளை சிலிண்டரில் வரும். 'ஃபிரியான்' என்றுதான் எல்லோரும் சொல்வோம். கூலிங் இல்லை என்று ஃபிரிட்ஜ் வந்தால் முதல் வேலை, சார்ஜிங் டியூபை வெட்டி உள்ளே மிச்சமிருக்கும் கேஸை வெளியே விடுவது. புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாறாது, எரியாது, கண்ணைக் கரிக்காது. குழாய்க்குள் அழுக்கு இருந்தால் அதே குடும்பத்து ஆர்-11 ஊற்றி ஊதித் தள்ளுவோம். அதுவும் காற்றோடு போகும். ஒரு நாளைக்கு நாலைந்து ஃபிரிட்ஜ், ஒவ்வொன்றுக்கும் நூறு, நூற்றைம்பது கிராம். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுக்கின்றன என்று அவற்றை நிறுத்த நாடுகள் போட்ட ஒப்பந்தம் மாண்ட்ரியல் நெறிமுறை. இந்தியா 1992-லேயே அதில் சேர்ந்துவிட்டது. அதாவது நான் பட்டறையில் கால் வைப்பதற்கு முந்தின வருடம். எங்கள் பட்டறைக்கு அந்தச் சேதி வரவேயில்லை.

ஆர்-12 காற்றில் கலந்தால் சுமார் நூறு ஆண்டு நிற்கும் என்று பல வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். அப்படியானால் பதினேழு வயதில் நான் வெட்டிவிட்ட வாயுவில் பெரும்பகுதி இன்றைக்கும் மேலேதான் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

அந்த வாயுவைக் கெட்டது என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. அதற்கு முன் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு இவைதான் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் செத்துப்போவார்கள். 1930-ல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர், தான் உருவாக்கிய புது வாயுவை எல்லோர் முன்பும் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. ஆபத்து வந்ததும் அதே குணத்தால்தான். எதோடும் வினைபுரியாததால் அது அழியாமல் மேலே மேலே போகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலம் இருக்கிற ஸ்ட்ராடோஸ்பியர் என்ற மேலடுக்கில், அந்தக் கதிர் பட்டு உடையும்போது குளோரின் வெளியே வருகிறது. அதன் ஒரு அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும். இதை 1974-ல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதியபோது ரசாயன நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1995-ல் அவர்களுக்கும் பால் குருட்சனுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். 1985 மார்ச்சில் வியன்னாவில் ஓசோன் படலத்துக்காக ஓர் உடன்படிக்கை போட்டார்கள். அதைப் படித்தால் நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். அதில் ஒரு எண் கிடையாது. எந்த நாடும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. சேர்ந்து ஆராய்வோம், தகவல் பகிர்ந்துகொள்வோம் என்ற வாக்குறுதி மட்டும்தான். இரண்டு மாதம் கழித்து, அண்டார்டிகாவின் ஹேலி பே நிலையத்தில் அளவெடுத்து வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், வசந்த காலத்தில் தலைக்கு மேல் ஓசோன் பயங்கரமாகக் குறைகிறது என்று அறிவித்தார்கள். உட்கார்ந்து பேச மேஜை ஏற்கெனவே போட்டிருந்ததால் நேரம் வீணாகவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் நெறிமுறை தயாராகிவிட்டது. எந்த வாயு, எவ்வளவு, எந்த வருடத்துக்குள் என்று எண்ணோடு வந்தது. முதலில் 24 நாடுகள்தான் கையெழுத்திட்டன. ஆரம்பத்தில் வைத்த இலக்கும் பாதியாகக் குறைப்பதுதான், முழுக்க நிறுத்துவது இல்லை. பிறகு மாநாட்டுக்கு மாநாடு இறுக்கிக்கொண்டே போனார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் வாயுவின் அளவை இன்னும் குறைக்க ஒவ்வொரு நாட்டிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை என்று அதிலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். இதை யோசித்து எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பிரகடனம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிரகடனம் சட்டப்படி யாரையும் கட்டாது, உண்மைதான். 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் மனிதச் சூழல் பற்றி ஒரு பிரகடனம் வந்தது. இந்திரா காந்தி நேரில் போய்ப் பேசிய மாநாடு அது. வெறும் வார்த்தைகள் என்று அன்றைக்கே சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் நம் நாட்டின் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், முகப்புரையிலேயே அந்த ஸ்டாக்ஹோம் மாநாட்டின் பெயர் இருக்கும். அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2000-ல் ஓசோனைக் கெடுக்கும் பொருட்களுக்கான விதிகள் வந்தன. அந்த விதிகளால்தான் எங்கள் கடைவீதியில் ஆர்-12 குறைந்து, கடைசியில் இல்லாமலே போனது. ஸ்டாக்ஹோமில் சொன்ன ஒரு சொல் சிம்மக்கல் வந்து சேர இருபத்தெட்டு வருடம் பிடித்தது. ஆனால் வந்து சேர்ந்தது.

இந்தியா முதலில் சேரவில்லை என்பது முக்கியம். அதில் நியாயம் இருந்தது. அரை நூற்றாண்டாக அந்த வாயுவைக் கொட்டித் தீர்த்தவர்கள் பணக்கார நாட்டுக்காரர்கள். நம் ஊரில் அப்போதுதான் நடுத்தரக் குடும்பம் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்க ஆரம்பித்திருந்தது. மாற்று வாயு செய்யும் நுட்பமும் காப்புரிமையும் அவர்களிடம். நாங்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. 1990 லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதற்காக அழுத்திப் பேசினார். அந்தக் கூட்டத்தில்தான் பலதரப்பு நிதியம் பிறந்தது. மாற்றத்துக்கு ஆகும் கூடுதல் செலவைப் பணக்கார நாடுகள் தர வேண்டும். அந்தப் பணத்தை நிர்வகிக்கும் குழுவில் அவர்களுக்கு ஏழு இடம், வளரும் நாடுகளுக்கும் ஏழு இடம். வளரும் நாடுகளுக்குப் பத்து வருடம் கூடுதல் அவகாசம். இதற்குப் பிறகுதான் இந்தியா உள்ளே வந்தது. இன்றுவரை அந்த நிதியத்தில் 400 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

இந்த ஒப்பந்தத்துக்குப் பல்லும் இருக்கிறது. சேராத நாட்டோடு இந்த வாயுக்களை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. வெளியே நின்றால் சரக்கும் கிடைக்காது, சந்தையும் கிடைக்காது. உள்ளே வந்தால் பணமும் நேரமும் கிடைக்கும். யோசித்துப் பார்த்தால் போலீஸ் செய்யும் வேலையை இது இன்னும் நன்றாகவே செய்திருக்கிறது. 2009-ல் ஐ.நா.வில் இருந்த எல்லா நாடுகளும் உள்ளே வந்து முடிந்தது. ஐ.நா. வரலாற்றில் எல்லோரும் ஏற்ற முதல் ஒப்பந்தம் இதுதான்.

பட்டறையில் அது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆர்-12-க்கு மாற்றாக வெளிர்நீல சிலிண்டரில் 134ஏ கேஸ் வந்தபோது எங்களுக்குப் பெரிய தலைவலி. பழைய மினரல் ஆயிலோடு அது கலக்காது, கம்ப்ரசருக்கு வேறு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயோ காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் குடித்துவிடும். அதுவரை குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுக்கும் வேக்கம் பம்பை நாங்கள் வாங்கியதே இல்லை. ஒரு பழைய கம்ப்ரசரை மாட்டிக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு கேஸ் ஏற்றுவோம். அந்தக் கைப்பழக்கம் இதில் எடுபடவில்லை. கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டு, செய்த வேலையே ஒரு வாரத்தில் திரும்பி வரும். வாடிக்கையாளர் திட்டுவார். எங்கள் அண்ணன், அதாவது பட்டறை முதலாளி, "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு, யார்றா இதை மாத்தச் சொன்னது?" என்று ஒரு நாள் சிலிண்டரைத் தூக்கித் தரையில் வைத்தது நினைவிருக்கிறது.

மாத்தச் சொன்னது யார் என்று பயிற்சி முகாமில்தான் எனக்குத் தெரிந்தது. ஐந்து நாள் பயிற்சி. ஒழுங்காக வேக்கம் எடுப்பது, கேஸை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிச் சேமிப்பது, எடை பார்த்து ஏற்றுவது, எல்லாம் கற்றுத் தந்தார்கள். அதற்கான பணம் அந்த நிதியத்திலிருந்து வருகிறது என்று சொன்னார்கள். மதிய சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, எங்கோ கனடாவில் போட்ட கையெழுத்து என் இலையில் சோறாக இருக்கிறது என்று தோன்றியது.

இந்த ஒப்பந்தத்தில் ஈவிரக்கம் இருந்ததையும் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. அவர் உறிஞ்சும் மருந்துக் குப்பியிலும் அப்போது இதே வகை வாயுதான் உந்துவிசை. உலகம் முழுக்க இந்த வாயுக்களின் உற்பத்தி 2010 ஜனவரி 1-ஓடு நிற்க வேண்டும் என்று இருந்தபோதும், அந்த மருந்துக்கு மட்டும் மாற்று வரும்வரை விலக்கு கொடுத்தார்கள். மூச்சு முட்டும் ஒருவரையும் மறக்காமல் எழுதிய சட்டம் என்று அதற்காகவே எனக்கு இதன் மேல் மரியாதை.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, மீறினால் என்ன ஆகும்? இரண்டு சம்பவம் சொல்கிறேன். சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யா, வளர்ந்த நாடுகளுக்கு வைத்த 1996 கெடுவுக்குள் நிறுத்த எங்களிடம் வசதி இல்லை என்று தானே ஒத்துக்கொண்டது. வெளியே தள்ளவில்லை. கணக்குக் கேட்டார்கள், ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள், ஆலைகளை மூட உலக வங்கி வழியாகப் பணம் திரட்டினார்கள். 2000 முடிவில் அங்கே உற்பத்தி நின்றது. இரண்டாவது சம்பவம் நம் காலத்தில் நடந்தது. ஆர்-11 ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்திருக்க, காற்றில் அதன் அளவு குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹடெருமா தீவிலும் உள்ள அளவீட்டு நிலையங்கள் காற்று வரும் திசையை வைத்துத் தேடி, கிழக்குச் சீனாவைக் காட்டின. யாரோ திருட்டுத்தனமாக நுரைப்பஞ்சு செய்ய அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சீன அரசு சோதனைகளை முடுக்கியது. சில வருடங்களுக்குள் அளவு மறுபடி இறங்கிவிட்டது. காற்றை மோந்தே திருடனைப் பிடித்த கதை இது. ஒப்பந்தம் இல்லையென்றால் அது திருட்டு என்று சொல்லவே யாருக்கும் வழியில்லை.

எல்லா ஒப்பந்தமும் இப்படி வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. பருவநிலைக்காக 1997-ல் போட்ட கியோட்டோ நெறிமுறையை அமெரிக்கா உறுதிசெய்யவே இல்லை, கனடா பாதியில் விலகியது. அங்கே தடுக்க வேண்டியது நிலக்கரியும் பெட்ரோலும். எல்லார் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஓசோன் விஷயத்தில் வாயு செய்யும் கம்பெனிகள் உலகத்திலேயே கொஞ்சம்தான், மாற்றையும் அதே கம்பெனிகளால் விற்க முடிந்தது. அந்த வசதி எல்லாப் பிரச்சினைக்கும் கிடைக்காது. மாற்று, பணம், அவகாசம், வெளியே நின்றால் நஷ்டம், இந்த நாலும் இருக்கிற ஒப்பந்தம் நடக்கும் என்பது என் கணிப்பு. இல்லாதது இழுத்துக்கொண்டே கிடக்கும்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. 134ஏ, ஏசிகளில் வரும் 410ஏ போன்ற மாற்று வாயுக்கள் ஓசோனைத் தொடாது, ஆனால் கார்பன் டை ஆக்ஸைடை விட ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு சூடேற்றும். அதனால் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் அவற்றையும் குறைக்க ஒரு திருத்தம் போட்டார்கள். இந்தியா 2021-ல் உறுதிசெய்தது. 2028-ல் நம் அளவு அதற்கு மேல் ஏறாமல் நிற்க வேண்டும், 2032-ல் குறைப்பு தொடங்கி 2047-க்குள் 85 விழுக்காடு இறங்க வேண்டும். ரொம்ப நல்லது. ஆனால் இப்போது வரும் மாற்றுகளில் 600ஏ என்பது ஐசோபியூட்டேன், 290 என்பது புரோப்பேன். நம் சமையல் கேஸின் கூடப்பிறந்தவை. ஆர்-32-வும் கொஞ்சம் எரியும். மிட்ஜ்லி ஊதிக் காட்டிய பயமில்லாத வாயுவிலிருந்து நாங்கள் மறுபடி தீப்பிடிக்கும் வாயுவுக்கு வந்திருக்கிறோம்.

என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன், 600ஏ ஃபிரிட்ஜில் உள்ளே இருந்த கேஸை முழுக்க வெளியேற்றாமல் குழாயை ஒட்டவைக்கும் பிரேசிங் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டான். குப்பென்று பிடித்தது. கையும் புருவமும் கருகி, ஒரு மாதம் வீட்டில் இருந்தான். கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீ படம் ஒட்டியிருக்கிறது, அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. ஆனால் என்னைப் போல ஒரு முகாமுக்குப் போக வாய்ப்பே கிடைக்காத ஆயிரக்கணக்கான பையன்கள் தெருத்தெருவாக டூல் பையோடு சுற்றுகிறார்கள். கிகாலியில் போட்ட கையெழுத்து கடைசியில் அந்தப் பையன் கையில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொரு ஊரிலும் தீப்பிடிக்கும் வாயுவுக்கென்று இலவசப் பயிற்சி வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓசோன் படலம் தேறிக்கொண்டிருக்கிறது. இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகா மேல் 2066 வாக்கிலும் 1980-ல் இருந்த நிலைக்கு வந்துவிடும் என்று ஐ.நா. ஆதரவில் விஞ்ஞானிகள் 2022-ல் தயாரித்த மதிப்பீடு சொல்கிறது.

என் பட்டறை மூலையில் இப்போது வெளிர்பச்சை சிலிண்டர் ஒன்று நிற்கிறது. ஆர்-22, பழைய ஏசிகளுக்கு. அதுவும் 2030-க்குள் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும், பழைய இயந்திரங்களைப் பராமரிக்க ஒரு சிறு பங்கு மட்டும் 2040 வரை. உங்கள் வீட்டில் அந்த ஏசி இருந்து கூலிங் குறைந்தால், வருகிறவரிடம் "கேஸ் மட்டும் ஏத்திட்டுப் போங்க" என்று சொல்லாதீர்கள். லீக்கை முதலில் அடைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகும், அந்த ஒரு மணி நேரக் கூலியைக் கொடுங்கள்.