ஐயம் வேறு, பயம் வேறு

கேள்வி: சின்ன வயதிலிருந்து தினமும் கும்பிடுகிறவன். இப்போது கடவுள் இருக்கிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. கை கூப்பும்போது நடிக்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்தவும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவும் வேண்டாம். முதலில் சந்தேகம் எதன்மேல் என்று பிரித்துப் பாருங்கள். கடவுள் உண்டா என்பதிலா? உண்டென்றால் இத்தனை துன்பத்தை ஏன் விட்டுவைக்கிறார் என்பதிலா? இல்லை, மதத்தின் பேரில் பேசுகிற யாரோ மேல் வந்த கசப்பா? கசப்பைச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டு தத்துவ நூல்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய. அதற்குப் புத்தகத்தில் மருந்து கிடையாது.

பிறகு, வழிபாட்டில் சொல்வதையும் செய்வதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மனமார முடியாதவற்றை மட்டும் அடிக்கோடிட்டு மூன்று மாதம் விட்டுவையுங்கள். வேண்டுதல் நின்றுபோய், நன்றி சொல்வதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் மட்டும் தங்கலாம். அது நடிப்பாகாது.

இந்தக் கூச்சம் பெரியவர்களையும் விட்டதில்லை. இஸ்லாமிய அறிஞர் இமாம் அல்-கஸ்ஸாலி பாக்தாதில் புகழின் உச்சியில் இருந்தபோது, தான் போதிப்பது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்வியில் நாவே எழாமல் போய், 1095-இல் பதவியை விட்டு வெளியேறினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோதுதான், பல பத்தாண்டுகள் இறைவனின் அருகாமையை உணராமலே அவர் உழைத்தது உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. ஒருவர் விலகினார், ஒருவர் தொடர்ந்தார். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: படுத்ததும் 'ஒருநாள் நான் இல்லாமல் போவேன்' என்ற நினைப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. சாவுக்குப் பிறகு என்ன என்று கைபேசியில் தேடித் தேடியே விடிந்துவிடுகிறது.

பதில்: அந்த நேரத்தில் உங்களை ஆட்டுவது கேள்வி இல்லை, உடம்பு. அட்ரினலின் சுரந்து இதயம் ஓடுகிறது. தூண்டிவிடாமல் இருந்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். கைபேசிதான் அதை இறங்கவிடாமல் பிடித்துவைக்கிறது. ஒரு கட்டுரை ஐந்து நிமிட ஆறுதல் தரும். அதற்குள் அடுத்த சந்தேகம் முளைக்கும். தேடினால்தான் தப்பிக்கலாம் என்று மூளையும் பழகிக்கொள்ளும்.

எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை வேகமாக இழுத்தால் தலை சுற்றும், பயம் கூடும். பிறகு அந்தக் கேள்வியை ஒரே வரியில் நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். மறுநாள் பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடம் ஒதுக்கி அதைத் திறங்கள். ஒரு வாரத்தில் பார்த்தால், ஒரே கேள்விதான் சட்டை மாற்றி மாற்றி வந்திருப்பது தெரியும்.

பகலில் அதைக் கிளறிப் பாருங்கள். சாகும்போது வலிக்குமே என்பதா? வலியைத் தணிக்கும் மருத்துவம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதா? உயில், வாரிசு நியமனம், கணக்கு விவரங்களை எழுதி வைத்துவிட்டால் பாரம் கணிசமாக இறங்கும். 'இல்லாமல் போவது'தான் பயம் என்றால் கடினம். நாம் இருக்கையில் சாவு இல்லை, சாவு வருகையில் நாம் இல்லை என்றார் கிரேக்க ஞானி எபிகூரஸ். புத்தி ஒப்புக்கொள்ளும், அடிவயிறு ஒப்புக்கொள்ளாது. அதைப் பழக்கித்தான் குறைக்க வேண்டும்.

படபடப்பு புதிதாக வந்ததென்றால் இதயத்தையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செத்துவிடலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிரார்த்தனையின் நடுவே கடவுளைப் பற்றி அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. மன்னிப்புக் கேட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். பத்து நிமிடப் பிரார்த்தனை ஒன்றரை மணி நேரமாகிறது.

பதில்: இது பாவமும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் பக்தி வேடத்தில் வந்திருப்பதுபோலத் தெரிகிறது. மனநல மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிகிச்சை இதற்கு நேரெதிராகப் போகும்: ஒரே முறை சொல்ல வேண்டும், தவறினாலும் திரும்பத் தொடங்கக் கூடாது, அந்த உறுத்தலைத் தாங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. 'இது பாவமா?' என்று மத குருவிடம் ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை கேட்பது நோய்க்குத் தீனி.

கேள்வி: தாத்தா எங்கே போனார் என்று ஐந்து வயதுப் பேரன் கேட்கிறான். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

பதில்: தெரிந்ததைச் சொல்லுங்கள். 'தாத்தாவின் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது.' தூங்குகிறார் என்று மட்டும் சொல்லாதீர்கள், பிள்ளை படுக்கப் பயப்படும். அதற்குப் பிறகு என்ன என்றால், 'சிலர் இப்படி நம்புகிறார்கள், எனக்குத் தெரியாது' என்பதே போதும். திரும்பத் திரும்பக் கேட்பான். பெரும்பாலும் அவன் கேட்க நினைப்பது 'நீயும் செத்துப்போவாயா?' என்பதுதான். 'ரொம்ப நாள் உன்னோடு இருப்பேன் என்று நினைக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள்' என்று சொல்லி, யார் யார் என்று பெயரோடு சொல்லுங்கள்.